இரண்டு பள்ளங்கள்

ஸ்மிரெச்சினா, ஓராவா
3 நவம்பர் 1996

ஜெல்மீரா,

அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னேன். இப்போதும் விழிக்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன். "உங்க தங்கச்சிதானே, ஒரு போன் போட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள் உன் அண்ணி ஹெர்மீனா. இந்த ஊரில் போன் இருப்பது ஊராட்சி அலுவலகத்தில். அங்கே பேசினால், நான் வீடு திரும்புவதற்குள் விஷயம் மலையேறிப் போலந்துக்கே போய்விடும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இது. அம்மா வீட்டில் நடமாடுகிறாள்.

சிரிக்காதே. நான் குடிக்கவும் இல்லை. முதல் பேருந்தை எடுக்கிறவன் குடிக்க முடியாது என்று உனக்குத் தெரியும். விடிந்தும் விடியாமலும் எழுந்து சமையலறைக்குப் போனால், அடுப்பைப் பார்த்தபடி எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அதே பழுப்புக் கம்பளிச் சட்டை. தலைத்துணி மட்டும் இல்லை. எதையோ வைத்த இடம் மறந்துபோனவளைப் போலப் பின்மண்டையைக் கையால் தடவிக்கொண்டே இருக்கிறாள். "அம்மா" என்று கூப்பிட்டால் காணோம்.

அறுவடை முடிந்த சமயத்தில் முதல் தடவை பார்த்தேன். அப்புறம் அடிக்கடி. நேற்று ஆத்துமாக்கள் நாளில் எல்லோரும் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். இன்று காலை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஏன் வருகிறாள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவள் நீ. அவர்கள் அவள் மூளையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு அனுப்பினார்கள். தலைத்துணியை யாரோ முன்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அம்மா என்றைக்கு அப்படிக் கட்டினாள்? அதை அவிழ்த்துச் சரியாகக் கட்டப் போனபோதுதான் அந்தத் தையலைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் நீ.

எடுத்ததைக் கொண்டுவா. அவளோடு சேர்த்துப் புதைப்போம். உன்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

சிரில்


பிராத்திஸ்லாவா
12 நவம்பர் 1996

அண்ணா,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் ஆய்வகத்தில் நின்றபடியே பிரித்தேன். படித்துவிட்டு உட்கார்ந்தேன்.

நான் சிரிக்கவில்லை.

நீங்கள் கேட்பது என்னிடம் இல்லை. அது ஆஸ்பத்திரியில், நோய்க்கூற்றுப் பிரிவின் அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் இருக்கிறது. நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. நான் அதை வெட்டி ஆராய்ந்துகொண்டிருக்கிறேன் என்று ஊரில் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். நான் செய்வது என்னவென்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

புரதம் என்பது நீளமான சங்கிலி. அது நேராக இருப்பதில்லை. சில இடங்களில் சுருண்டிருக்கும், சில இடங்களில் விசிறி மாதிரி மடிந்திருக்கும். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் ஒளியைக் கேட்டால் சொல்லும். இடப்பக்கம் சுழலும் ஒளியையும் வலப்பக்கம் சுழலும் ஒளியையும் மாற்றி மாற்றி ஒரு சின்னப் படிகக் குப்பிக்குள் அனுப்புவேன். உள்ளே இருக்கும் புரதம் ஒன்றைவிட மற்றொன்றைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும். அந்த வித்தியாசத்தை இயந்திரம் ஒரு கோடாக வரையும். சுருள் நிறைய இருந்தால் கோட்டில் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள் விழும். மடிப்பு கூடிவிட்டால் அவை மறைந்து ஒரே பள்ளமாகிவிடும்.

அம்மாவின் மூளையில் நடந்தது அதுதான். எல்லோருக்கும் இருக்கிற ஒரு புரதம், சுருண்டிருக்க வேண்டியது, மடிந்துபோனது. மடிந்த ஒன்று பக்கத்தில் இருப்பதையும் மடிக்கும். அதன் சங்கிலியில் ஒரே ஒரு மணி மாறியிருந்தது. அம்மாவின் அப்பாவுக்கும், ஷிமோன் மாமாவுக்கும் அதே மணிதான் மாறியிருக்க வேண்டும். ஊரில் செய்வினை என்று சொன்னது இதைத்தான். அந்த மணி மாறிய புரதத்தைப் பாக்டீரியாவில் வளர்த்து, அதைத்தான் நான் குப்பியில் வைத்துப் பார்க்கிறேன். அம்மாவை அல்ல.

ஜாடி பற்றி ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன். கொடுப்பார்களா என்று தெரியாது.

அண்ணா, சில கேள்விகள். தூக்கம் சரியாக வருகிறதா? படி இறங்கும்போது கால் தடுமாறுகிறதா? பெயர்கள் மறக்கின்றனவா? அம்மாவைத் தவிர வேறு யாராவது தெரிகிறார்களா?

உங்கள்
ஜெல்மீரா


ஸ்மிரெச்சினா
20 நவம்பர் 1996

ஜெல்மீரா,

அம்மா வருகிறாள் என்று எழுதினேன். நீ எனக்குக் கால் தடுமாறுகிறதா என்று கேட்கிறாய்.

கடிதத்தை ஹெர்மீனாவிடம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விகள் வந்ததும் நிறுத்திவிட்டேன். "அப்புறம்?" என்றாள். "அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுட்டா" என்றேன். அவள் என் கையிலிருந்து தாளை வாங்கி மிச்சத்தை மனதுக்குள் படித்தாள். மறுநாள் நான் மாடியிலிருந்து இறங்கும்போது கீழே நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னுடைய வேலை இது.

அம்மாவுக்கு எப்படித் தொடங்கியது என்று எனக்கு நினைவில்லையா? நீ ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து போனவள். கூடவே இருந்தவன் நான். செத்துப்போன தாத்தாவின் ஆட்டுநாய்கள் கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பதாகச் சொன்னாள். அவற்றுக்கு ரொட்டி போட்டாள். என்னை "அப்பா" என்று கூப்பிட்டாள். கஞ்சி மாதிரி நடை குழைந்துபோனது. முதலில் அவளும் நன்றாகத்தான் இருந்தாள், அந்த நாய்களைத் தவிர.

ஆக, நீ கேட்க வந்ததை நான் கேட்டுவிடுகிறேன். எனக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறாயா? அப்படியானால் நேராகச் சொல். பாக்டீரியாவிடம் பேசிப் பேசி மனுஷனிடம் எப்படிப் பேசுவதென்று மறந்துவிட்டாயா?

என் பெண் பிளாங்காவுக்கு ஜூனில் கல்யாணம். பையன் திபோர், திவர்தோஷின் ஊர்க்காரன், மின் வேலை. நல்ல பையன், மீசைதான் கொஞ்சம் அதிகம். இதை உனக்குச் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

சிரில்


பிராத்திஸ்லாவா
8 டிசம்பர் 1996

அண்ணா,

நேராகச் சொல்கிறேன். தெரியாது.

தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. உங்களுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். அந்த மணி மாறியிருந்தாலும் சிலருக்கு நோய் வருவதே இல்லை, கிழவர்களாகி வேறு ஏதாவதில் சாகிறார்கள். ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். நான் இதுவரை கொடுக்கவில்லை. தினமும் அந்தப் புரதத்தைக் கையில் பிடிக்கிறவள், தனக்குள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இங்கே என்னோடு வேலை செய்யும் எதிதா ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏண்டி, இத்தன வருஷமா முட்டை வெள்ளைக்கருப் புரதத்த ஆராஞ்சு நிம்மதியா இருந்தே. அம்மா போனதுக்கப்புறம் எதுக்கு இதையே கட்டிக்கிட்டு அழற?"

"யாராவது பாக்கணுமில்ல?"

"பாக்கறது சரி. நீ பாக்கறதா எனக்குத் தெரியல. காவல் காக்கற மாதிரி இருக்கு."

அவள் சொன்னது சரி. நீங்கள் சமையலறையில் பார்ப்பதை நான் இங்கே பார்க்கிறேன். ஒரு குப்பியில் மாறாத புரதம், இன்னொன்றில் நம் வீட்டுப் புரதம். காலையில் இரண்டுக்கும் கோடு ஒன்றுதான். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மயிரிழை வித்தியாசம் கிடையாது, இரண்டிலும் அதே இரண்டு பள்ளங்கள். பிறகு மிதமான சூட்டில் வைத்து மெல்லக் குலுக்கிக்கொண்டே இருப்பேன். நம்முடையது முந்திக்கொள்ளும். முதல் பள்ளம் ஏறத் தொடங்கும். அம்மா ஒரு வார்த்தையைத் தேடித் தேடி, கிடைக்காமல் என்னைப் பார்ப்பாளே, எனக்கு அந்த முகம்தான் தெரியும். இயந்திரத்தை நிறுத்தினாலும் குப்பிக்குள் அது நிற்பதில்லை.

அதை மறுபடி சுருளாக்க வழி தெரியவில்லை. யாருக்கும் தெரியாது.

பிளாங்காவின் கல்யாணத்துக்காக மட்டுமாவது ரத்தம் கொடுங்கள். உங்களுக்கு இல்லையென்றால் அவளுக்கும் இல்லை.

ஜெல்மீரா


ஸ்மிரெச்சினா
6 ஜனவரி 1997

ஜெல்கா,

கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டில் வழக்கம்போல ஒரு தட்டு கூடுதலாக வைத்தோம். ஹெர்மீனா முட்டைக்கோஸ் சூப்பை எல்லோருக்கும் ஊற்றினாள், அந்தத் தட்டுக்கும் ஊற்றினாள். பிளாங்கா, "யாருக்கும்மா அது?" என்றாள். "உங்கப்பாவ கேளு" என்றாள் இவள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை.

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள் கோயில் வளைவில் பேருந்தைச் சுவரில் உரசிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. யாருக்கும் அடியில்லை. சுவர் இருக்கிற இடத்தைவிடத் தள்ளி இருப்பதாகத் தெரிந்தது. இறங்கிப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பயணிகள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷிமோன் மாமா கடைசியில் கதவு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாரே, அதை நினைத்தேன். அவர்களும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஹெர்மீனாவிடம் சொன்னேன். "ரத்தம் குடுத்துட்டு வாங்க" என்றாள். அழவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஜெல்கா.

கொடுக்கிறேன். ஆனால் தனியாகக் கொடுக்க மாட்டேன். நீயும் கொடுக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே இடத்தில். அம்மாவினுடையதையும் நீ கொண்டுவர வேண்டும்.

சிரில்


பிராத்திஸ்லாவா
17 பிப்ரவரி 1997

அண்ணா,

சரி. நானும் கொடுக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஜாடியாகத் தர முடியாதாம், தொற்று பயம். எரித்துச் சாம்பலாகத் தருவதாகச் சொன்னார்கள். நம் ஊரில் யாரையும் எரித்ததில்லை. உங்களுக்குச் சம்மதமா?

முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். சண்டைக்கு வராதீர்கள், பாருங்கள்.

ஜெல்மீரா


ஸ்மிரெச்சினா
1 மார்ச் 1997

ஜெல்கா,

கண்ணாடி போட்டாயிற்று. சுவர் இப்போது அதன் இடத்திலேயே இருக்கிறது. பேருந்து ஓட்டுகிற எவனுக்கும் கண் சரியில்லை என்றுதான் அந்த டாக்டர் சொல்கிறார், அதனால் உடனே சந்தோஷப்படாதே. கண்ணாடி போட்ட பிறகும் அம்மாவை இரண்டு தடவை பார்த்தேன். முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தாள்.

சாம்பல் சம்மதம். பங்குத்தந்தையைப் பார்த்தேன். "ஒருதடவ அடக்கம் பண்ணவங்களுக்கு மறுபடி எப்படிப்பா ஜெபம் சொல்றது?" என்றார். "போன தடவ முக்கால்வாசிக்குத்தான் சொன்னீங்க சாமி, பாக்கிக்கு இப்போ சொல்லுங்க" என்றேன். வரச் சொன்னார்.

தரை இன்னும் இறுகித்தான் கிடக்கிறது. கடப்பாரையோடு இருப்பேன். வா.

சிரில்


பிராத்திஸ்லாவா
21 ஏப்ரல் 1997

அண்ணா,

உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உங்களுக்கு இல்லை. மறுபடி படியுங்கள்: இல்லை. பிளாங்காவுக்கும் இல்லை. அவளுக்குப் பிறக்கப் போகிறவர்களுக்கும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து முறைப்படி கடிதம் வரும். அதற்குள் நீங்கள் இரண்டு ராத்திரிகளாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நான் முந்திக்கொண்டேன். ஹெர்மீனா அண்ணியிடம் சொல்லுங்கள், இனி உங்கள் கால்களைப் பார்க்க வேண்டாம்.

சாம்பலைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் என்னோடு பேசவே இல்லை, ஆனால் அந்தத் தகரப் பெட்டியைக் குழிக்குள் வைக்க என் கையில்தான் கொடுத்தீர்கள். அது எவ்வளவு லேசாக இருந்தது. பிறகு வீட்டில் நீங்கள் எனக்கு ஹாலுஷ்கி பரிமாறினீர்கள். பாலாடைக்கட்டி போதுமா என்றுகூடக் கேட்கவில்லை, அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். ரயிலில் முழு வழியும் வயிறு வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

கையெழுத்துப் போட்டதற்காக நான் வருந்தவில்லை. அது இல்லாவிட்டால் எந்த மணி மாறியது என்றே தெரிந்திருக்காது, உங்களுக்கு இந்த 'இல்லை' கிடைத்திருக்காது. ஆனால் உங்களை உட்கார வைத்து, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, அதன்பிறகு கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

திபோரை மீசையை எடுக்கச் சொல்லாதீர்கள். அவனுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜெல்மீரா


ஸ்மிரெச்சினா
27 ஏப்ரல் 1997

ஜெல்கா,

உன் கடிதம் வந்த அன்று ஹெர்மீனா கோழி அறுத்தாள், நான் ஸ்லிவோவித்ஸா சாராயப் பாட்டிலைத் திறந்தேன். பிளாங்கா எங்கள் இருவரையும் பார்த்து, "என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும், லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டாள். அவளிடம் நாங்கள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத்தைக்கு?"

அதன் பிறகுதான் உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். என்னைப் பற்றி இருக்கிறது, பிளாங்கா பற்றி, பாலாடைக்கட்டி பற்றி, மாப்பிள்ளையின் மீசை பற்றிக்கூட இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரே நாளில், ஒரே ஊசிக்காரி முன்னால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதானே கொடுத்தோம்?

இன்னொன்று. சாம்பலைப் புதைத்த நாளிலிருந்து அம்மா வரவில்லை. தினமும் எழுந்ததும் சமையலறைக்குப் போய் நிற்கிறேன். அடுப்பு இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. எனக்கு நோய் இல்லையென்றால் நான் பார்த்தது அம்மாவைத்தான். நான்தான் அவளை அனுப்பிவிட்டேன். இத்தனை நாள் போ போ என்று நினைத்துவிட்டு, இப்போது வீட்டுக்குள் நடக்கவே பிடிக்கவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

உன்னுடையது என்ன? நேராகச் சொல்.

சிரில்


பிராத்திஸ்லாவா
5 மே 1997

அண்ணா,

எனக்கு இருக்கிறது.

ஒரே உறையில்தான் இரண்டு தாள்களும் வந்தன. உங்களுடையதை முதலில் பார்த்தேன், அதனால் என்னுடையதைப் படித்தபோது நான் ஏற்கனவே சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தேன். எதிதா எந்தத் தாளுக்காக அழுகிறேன் என்று தெரியாமல் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

வரலாம், வராமலும் போகலாம். அதை மறக்காதீர்கள். இன்றைக்கு நான் நன்றாக இருக்கிறேன். படி இறங்குகிறேன், பெயர்கள் நினைவிருக்கின்றன, கட்டிலுக்கு அடியில் நாய் இல்லை. காலையில் ஆய்வகத்துக்குப் போய் இயந்திரத்தின் விளக்கைப் போட்டு, அது சூடாகும்வரை காத்திருந்தேன். நம் வீட்டுப் புரதத்தைக் குப்பியில் வைத்தேன். கோடு வந்தது, இரண்டு பள்ளங்கள், அழகாக. நானும் இப்போது அப்படித்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பள்ளங்களோடு. முன்பு அதைப் பார்த்தால் அம்மா முகம் தெரியும். இன்றைக்கு யார் முகமும் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது போல.

ஆனால் ஒரு விஷயம், அண்ணா. நேற்று நடந்து வரும்போது தோன்றியது. எனக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்கு இல்லை, பிளாங்காவுக்கு இல்லை. ஷிமோன் மாமா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆகவே நம் குடும்பத்தில் இது என்னோடு நிற்கிறது. தாத்தாவுக்கு முன்னால் எத்தனை பேர் சுவரைத் தடவிக்கொண்டு போனார்களோ, எல்லோரும் வந்து சேருகிற கடைசி வீடு நான். இது ஆறுதலா என்று தெரியவில்லை. நடை கொஞ்சம் லேசானது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதுவரை யாரிடமும் எதுவும் இவ்வளவு தயங்கிக் கேட்டதில்லை. ஒருவேளை எனக்கு அது வந்தால், முடிந்த பிறகு என்னுடையதையும் அவர்கள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பாக்டீரியாவில் வளர்ப்பது ஒன்று, மனுஷ மூளையில் நடப்பது இன்னொன்று. அந்த இடைவெளியில்தான் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. நான் எழுதி வைத்துவிட்டேன். உறவினர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு உறவினர் என்று நீங்கள்தான்.

முடியாது என்றால் புரிந்துகொள்வேன். அந்தத் தையலை நீங்கள் பார்த்தவர்.

ஜெல்மீரா


ஸ்மிரெச்சினா
14 மே 1997

ஜெல்கா,

உன் கடிதத்தை முதல் வண்டி எடுக்கும் முன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏரிக்கரைத் திருப்பத்தில் நிறுத்திப் படித்தேன். வண்டியில் ஒரே ஒருவர்தான், நாமெஸ்தோவோ சந்தைக்குப் போகிற கிழவி. வெகு நேரம் கழித்து முன்னால் வந்து, "என்னப்பா, வண்டி கெட்டுப்போச்சா?" என்றாள்.

"இல்லம்மா. ஓட்டுறவன்தான்."

"அப்ப மெதுவாவே போ. சந்தை எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து மீட்டர் பலகை மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் யோசித்தேன். மாட்டேன் என்று இரண்டு கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். நீ இளையவள். வரிசைப்படி நான்தான் முதலில் போக வேண்டும், நீதான் எனக்குத் தலைமாட்டில் நிற்க வேண்டும். இந்த வீட்டில் எல்லாம் தலைகீழாகத்தான் நடக்கிறது.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். காகிதத்தைத் தயாராக வை. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் போடுவதற்கு முன் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்னை உட்கார வைத்து, ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்க வேண்டும். என் கண்ணைப் பார்த்து, பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் என்னிடம் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு வருஷமானாலும் நானே வந்து வாங்கிக்கொள்வேன். நான் இல்லையென்றால் பிளாங்கா வருவாள், அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு உன் தலைத்துணியை நான்தான் கட்டுவேன், வேறெவனும் தொடக்கூடாது. நீ கிழவியாகி எனக்கு முன்னால் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

அந்தக் குப்பியையும் எனக்குக் காட்டு. இரண்டு பள்ளங்களோடு இருக்கும்போது காட்டு. மற்றதைப் பார்க்க வேண்டாம்.

கல்யாணத்தன்று பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கப் போவது நீ. பிளாங்காவின் உத்தரவு. ஹெர்மீனா உனக்கு உடுப்பு தைக்க அளவு கேட்கிறாள், நான் கண்ணளவில் சொல்லியிருக்கிறேன். பெரிதாக இருந்தால் கண்ணாடி டாக்டரைத் திட்டு.

இப்போதெல்லாம் படுக்கப் போகும்போது சமையலறைக் கதவைத் தாழ்போடுவதில்லை. "ஏங்க தொறந்தே கெடக்கு?" என்று ஹெர்மீனா கேட்டாள். பூனை வந்து போக வேண்டாமா என்றேன். எங்கள் வீட்டில் பூனை இல்லை.

அண்ணன்
சிரில்